வெள்ளிக்கிழமைகளில் திறக்காத அஞ்சல்

அந்த நண்டுக் கம்பெனியில் கணினிகளைப் பார்க்கும் வேலைக்கு என்னைச் சோதனைக்காலத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள். எனக்கென்று ஒரு மேசை இருந்தது, கதிரை இல்லை. வந்து போகிறவர்களுக்கான நீலப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் போய்விடும். ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது முதலாளி அதைத் தூக்கி முன்வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார். எங்கள் பக்கத்தில் அதற்காகக் கதவைப் பூட்டுவதில்லை. வாசலில் கதிரை குறுக்கே கிடந்தால் ஆள் பள்ளிக்குப் போயிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். நான் நண்டுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வேலையைத் தொடர்வேன்.

மாம்புரியைத் தாண்டி, உப்புநீர்க் களப்புப் பக்கம் இறங்கும் மணல் பாதையில் இருந்தது அலுவலகம். பின்னால் நண்டு நிறுக்கும் கொட்டில், முன்னால் மூன்று கணினிகள். ஒன்று முதலாளியுடையது, அவரை ஹாஜியார் என்போம். ஒன்று கணக்குப் பார்ப்பவருடையது. அவர் எங்களுக்கெல்லாம் நானா, அண்ணன் மாதிரி. மூன்றாவது, ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் ராத்தாவுடையது, அவர் எனக்கு அக்கா மாதிரி. வெளிநாட்டு ஓடர்கள் எல்லாம் ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு வரும். அந்த அஞ்சல் கோப்புறையை எனக்கு முன்பு யாரோ ஒருவர் மூலையிலிருந்த, கணினிக் கோப்புகளுக்கான சேமிப்புப் பெட்டியில் வைத்து, மூன்று கணினிகளையும் அதோடு இணைத்துவிட்டுப் போயிருந்தார்.

கோப்புறை ஒன்று, ஆட்கள் மூவர். ஒருவர் அஞ்சலைத் திறந்து வைத்திருந்தால் மற்றவருக்குத் திறக்காது. ஒரே குளியலறை உள்ள கல்யாண வீடு மாதிரி நாள் முழுக்கச் சத்தம்.

"நானா, வெளிய வாங்க!"

"இப்பதானே புள்ள உள்ளுக்குப் போனன்."

"அங்க என்ன செய்றீங்க, பாய் விரிச்சுப் படுத்திட்டீங்களா?" என்பார் ராத்தா.

புதிதாக வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அலுவலகத்தில் எல்லோரும் இதற்கெல்லாம் பழகியிருந்தார்கள். பழக முடியாதது வெள்ளிக்கிழமைக் கோளாறு. ஜும்ஆ முடிந்து வந்தால், உள்ளே யாருமே இல்லாதபோதும் யாரோ இருப்பதாகச் சொல்லி அஞ்சல் திறக்க மறுக்கும். பெரிய ஓடர் வருவது அந்த நேரத்தில்தான். உயிர் நண்டு லொறிக்காகக் காத்திருக்கலாம், விமானம் நண்டுக்காகக் காத்திருக்காது. ஹாஜியார் வாங்குகிறவருக்குத் தொலைபேசி எடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் நண்டின் அளவுகளைக் கத்திக்கொண்டிருப்பார். நானா குறிஞ்சிப்பிட்டியில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து, ஆறுதலாக வந்து தன் கணினியைப் போடுவார். அவருக்கு மட்டும் அஞ்சல் உடனே திறக்கும்.

"எனக்கிச் சுகமாத் திறக்குதே! கோளாறு மெயில்ல இல்ல, உங்கட கையிலதான்."

ஒரு வெள்ளி இப்படிக் கழிந்தபின் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மகள், வாற வெள்ளி மட்டும் பாக்குறன். சரிவரல்லண்டா கொழும்பால ஒரு ஆளக் கூப்பிட்டு அவருக்கிட்டயே எல்லாத்தையும் குடுப்பன். பொறகு ஒங்களுக்கு இங்க வேல இரிக்காது. மனசுல வெக்காதீங்க."

இந்த வேலை போனால் நானும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பக்கத்தில் என் படிப்புக்கு வேறு வேலை இல்லை. உம்மாவிடம் சொன்னபோது அவர் மீன் கழுவுவதை நிறுத்தவே இல்லை. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒரு பையோடு வந்தவர்களில் அவரும் வாப்பாவும் இருந்தார்கள்; நான் பிறந்தது புத்தளத்தில்.

"ஊர் மாறுற வேலைய நாங்க செஞ்சு முடிச்சிட்டம்," என்றார். "நீ இங்கயே இரி. அந்த மெசினப் போய்ச் சரியாப் பாரு."

சரியாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மறுநாள் பஸ்ஸிலேயே சந்தேக நபர்களை வரிசைப்படுத்தினேன். முதலில் கம்பிகள்: களப்புக் காற்றில் முனைகள் பச்சை பிடித்திருந்தன, மாற்றினேன். அடுத்து ரவுட்டர்: கழுவித் துடைக்காத குறைதான், அதையும் பார்த்தேன். பிறகு சேமிப்புப் பெட்டியின் பற்றரி: நன்றாகவே இருந்தது, மின்சாரம் போனாலும் பெட்டி மூச்சுவிட்டது. உப்புக் காற்றுதான் காரணமாக இருக்கலாம் என்று நானாவிடம் சொன்னேன்.

"உப்புக் காத்தா? வெள்ளிக்கிழமை மட்டுமா வீசுது?" என்றார்.

அது நியாயமான கேள்வி. வரிசையில் உப்புக் காற்றை வெட்டினேன். வேறு பெயரும் மிஞ்சவில்லை.

வெள்ளி வந்தது. ஆண்கள் புறப்பட்டார்கள். என் கதிரை வாசலுக்குப் போனது. நானும் ராத்தாவும் அவர் கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டோம். ஜும்ஆ முடிந்து, படகு வந்திருந்ததால் ஹாஜியார் பின்பக்கக் கொட்டில் வழியாகவே உள்ளே வந்தார். ராத்தா அஞ்சலைத் திறந்தார். திறக்கவில்லை. ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் நண்டுப் பெட்டியின்மேல் இன்னும் சிறியவளாக உட்கார்ந்திருந்தேன்.

"லொறியும் இன்னும் வரல்லயே," என்று அவர் பாலாவியிலிருந்து வரவேண்டிய லொறிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். மணி எங்கள் முன்வாசலுக்கு வெளியே ஒலித்தது.

"எங்க நிக்கிறீங்க?"

"உங்கட வாசல்லதான் ஹாஜியார்." குரல் தொலைபேசியிலும் வாசலிலும் ஒன்றாகக் கேட்டது.

"அப்ப ஏன் உள்ளுக்கு வரல்ல?"

"கதிரை கெடக்கே! நீங்க பள்ளியிலண்டு நெனச்சன்."

"நான் உள்ளுக்குத்தானே இரிக்கன்!"

"அது எனக்கி எப்பிடித் தெரியும்? உங்கட கதிரைக்கிட்டச் சொல்லுங்க."

ராத்தா சிரித்துப் புரையேறித் தண்ணீர் தேடினார். எட்டிப் பார்த்தால், லொறிக்காரர் மர நிழலில் ஒரு கழுதைக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கழுதை மட்டும் மரியாதை தெரியாமல் கதிரைக்கு மேலால் தலையை நீட்டியது.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஹாஜியார் வேறு வழியால் வந்துவிட்டார். வாசலில் கதிரையை எடுக்க ஆளில்லை. அஞ்சலுக்குள்ளும் யாரோ எடுக்காமல் விட்ட கதிரை கிடக்கிறதோ?

சேமிப்புப் பெட்டிக்குள் போய் அஞ்சல் கோப்புறையைப் பார்த்தேன். கடிதங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பு கிடந்தது. அஞ்சலைத் திறக்கும் கணினி, 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று மற்றக் கணினிகளுக்குக் காட்ட அதை வைக்கும். ஒழுங்காக மூடினால் தானே எடுத்துவிடும். வைத்த கணினி எது என்பதும் அதில் பதிந்திருக்கும். அது நானாவின் கணினி. நானாவின் திரையோ இருண்டு கிடந்தது.

"ராத்தா, நானா போகக்குள்ள மெயில மூடினவரா?"

"நானாவா? பள்ளியில பாங்கு கேட்டதும் தொப்பியப் போட்டு, தன்ட மேசைக்கிப் பக்கத்துச் செவுத்துச் சுவிச்ச டக்கெண்டு அமத்திட்டுப் போவாரு. ஆளில்லாத எடத்துல கரண்ட் ஓடப்படாதாம்."

மற்ற நாட்களில் நானா உள்ளறையிலேயே தொழுவார். மாலையில் கணினிகளை மூடுவது ராத்தா. சுவர் சுவிட்சுக்கு வேலை வெள்ளி பகலில் மட்டும்தான். கணினி அப்படியே செத்துப்போகும். தனியாக ஓடிக்கொண்டிருக்கும் சேமிப்புப் பெட்டியில் அது வைத்த அடையாளம் அப்படியே கிடக்கும். நானா வந்து போட்டால், கணினி தான் வைத்ததைத் தானே அடையாளம் கண்டு அகற்றிவிடும். வேறு கணினிகளுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

உடனே அழிக்கவில்லை. உள்ளே உண்மையாகவே ஆள் இருக்கும்போது அதை எடுத்தால், இருவர் ஒன்றாக எழுதிக் கடிதங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோகும். நானாவின் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன். அமர்த்தித்தான் இருந்தது. அழித்தேன்.

"இப்பத் திறங்க ராத்தா."

திறந்தது. ஓடர் மேலேயே இருந்தது. ஹாஜியார் வாசித்து முடிக்குமுன்பே கொட்டிலைப் பார்த்துக் கத்தினார்: "பெட்டிகள ஏத்துங்க!" லொறிக்காரர் கதிரையைத் தாண்டிக் குதித்து வந்தார். நானா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோது லொறி போய்விட்டிருந்தது.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

"ஒண்டுமில்ல நானா," என்றார் ராத்தா. "நீங்க பள்ளிக்குப் போனாலும் உங்கட ஆவி மெயிலுக்குள்ளயே இரிந்திச்சு."

அடுத்த வாரம் நான் முழு ஏற்பாட்டையும் மாற்றினேன். இப்போது சேமிப்புப் பெட்டியே அஞ்சல்களைப் பொறுப்பெடுத்து ஒவ்வொருவருக்கும் காட்டும். கணினிகள் கோப்புறைக்குள் நேரே கை வைப்பதில்லை. மூன்று பேரும் ஒன்றாக வாசிக்கலாம். முதல் நாள் அலுவலகத்தில் அப்படி ஓர் அமைதி. ராத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை, இடையில் ஒரு தடவை காரணமே இல்லாமல் "நானா, வெளிய வாங்க!" என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை பாங்கு கேட்டது. நானா தன் கணினியை ஒழுங்காக மூடி, அது இருளும் வரை தொப்பியோடு காத்து நின்று, பிறகுதான் சுவிட்சை அமர்த்தினார். ஹாஜியார் வந்து எடுக்குமுன்பே நான் எழுந்து நீலக் கதிரையை வாசலுக்குத் தூக்கினேன். ஹாஜியார் அதை என் கையிலிருந்து வாங்கி, திரும்பக் கொண்டுவந்து என் மேசைக்குப் பின்னால் வைத்தார்.

"இது மகள்ட கதிரை," என்றார் நானாவிடம். "வாசலுக்கு வேற ஏதாச்சும் பாருங்க."

நானா சுற்றிப் பார்த்தார். பிறகு என் நண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்குக் குறுக்கே வைத்தார்.