பூட்டுக்கு வெளியே நின்ற பெயர்

ஓர்ட்வின் டுஃப்னர் ஃபிரைபுர்க்கில் டிராம் ஓட்டியவர். குடியால் அந்த வேலை போய், பணிமனையில் சக்கரம் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தார். குடியை விட்டபின் அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "குடிச்சப்போ வெக்கப்படல, விட்டதுக்கா வெக்கப்படணும்?" என்பார்.

புதன்தோறும் தேவாலயக் கூடத்தில் நாங்கள் கூடும் குழுவுக்கு 'குடியை விட்ட புதன்கிழமைக்காரர்கள்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். மின்னஞ்சல் வழியே அரட்டை நடத்தும் செயலி ஒன்றில் எங்களைச் சேர்த்தார். அவர் எழுதுவது வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய மின்னஞ்சலாகப் போய், எங்கள் கைபேசியில் அரட்டையாக விரியும். முதியவர் ஆல்பனுக்குச் செயலி பழகவில்லை. அவருக்கு மட்டும் சாதாரண மின்னஞ்சலாகத் தனியே அனுப்புவார்.

ஓர் இலையுதிர்காலத்தில் லியோபா குழுவில் சேர்ந்தாள். ரொட்டிக்கடையில் கல்லாவில் இருந்தவள். குடியை விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு காலை அவளுடைய கைபேசி கல்லா அருகே கிடந்தபோது ஓர்ட்வினின் செய்தி வந்தது. உள்ளே எழுதியது பூட்டியிருந்தது. ஆனால் குழுவின் பெயர் மின்னஞ்சலின் தலைப்பு வரியாகப் பூட்டுக்கு வெளியே நின்றது. கைபேசியின் சாதாரண மின்னஞ்சல் அறிவிப்பில் மின்னிய அந்த வரியைக் கடைக்காரி படித்துவிட்டாள். மறுநாளிலிருந்து லியோபாவுக்குப் பின்கட்டில் தட்டுக் கழுவும் வேலை.

அவள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். ஓர்ட்வின் என்னையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அந்தம்மா படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. அதுல மறைக்க என்ன இருக்குன்னுதான் நெனச்சேன்."

"உங்க கதைய ஊருக்கே சொல்லுங்க ஓர்ட்வின், அது உங்க இஷ்டம். என் கதைய ஏன் சொன்னீங்க?"

அவர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அன்றே குழுவின் பெயரை அழித்து மூன்று புள்ளிகள் வைத்தார். ஆல்பனுக்குப் போகும் தலைப்பையும் அப்படியே மாற்றினார். அதுதான் அடுத்த தவறு. டிசம்பரில் கூடத்தின் வெப்பக்கருவி பழுதாகி, கூட்டத்தை வேறிடத்துக்கு மாற்றினோம். அதைச் சொல்ல ஓர்ட்வின் அனுப்பிய, தலைப்பில் புள்ளிகள் மட்டும் இருந்த மின்னஞ்சலை ஏதோ மோசடி என்று எண்ணி ஆல்பன் திறக்காமலே அழித்திருந்தார். பூட்டிய கதவின் முன் உறைபனியில் காத்திருந்துவிட்டு, எதிரே இருந்த மதுக்கடைக்குள் போய்விட்டார்.

அவர் வராததைக் கண்டு ஓர்ட்வின் தேடிப் போய் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார். ஆல்பன் அழுதார். "யாருமே வரலையேப்பா... என்னை விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அந்தச் செயலியைச் செய்கிறவர்களில் சிலர் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். ஓர்ட்வின் அவர்களுடைய பணியறைக்குப் போனார். மெர்லே என்ற பெண் நடந்ததையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"பேரும் பூட்டுக்குள்ளதான் போகணும். அதுக்கான வேலை நடந்துக்கிட்டிருக்கு, அடுத்த பதிப்புல வந்துடும். வெளியே புள்ளி மட்டும்தான் தெரியும்."

"சரி. ஆனா ஆல்பனுக்குப் பூட்டே இல்லையே? புள்ளி வெச்சா குப்பைன்னு நெனக்கிறாரு. பேர் வெச்சா ஊரே படிக்கும்."

மெர்லே சற்று யோசித்தாள். "யார் அனுப்புனதுன்னு மட்டும் இருக்கட்டுமே. என்ன விஷயம்னு வேணாம்."

அதன்பின் ஆல்பனுக்கு 'ஓர்ட்வினிடமிருந்து ஒரு செய்தி' என்ற தலைப்போடு போனது. ஆல்பன் அதைத் திறந்தார். கூட்டத்துக்கும் வந்தார். குடியை விட்ட நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தார். எழுந்து நின்று அதை எல்லோரிடமும் சொன்னார். ஓர்ட்வின் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

புதிய பதிப்பு வந்தபிறகும் குழுவுக்குப் பழைய பெயரை அவர் வைக்கவில்லை. பூட்டுக்குள் யாருக்கும் தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அது என் பெருமைக்கு வெச்ச பேர்டா. வேணாம்," என்றார்.

வசந்தம் வந்தபோது லியோபா ஓர்ட்வினுக்கு எழுதினாள். தொலைவிலுள்ள ஓஃபன்புர்க் நகரில் வேறொரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. 'இனிமே கூட்டத்துக்கு வர முடியாது. ஆனா குழுச் செய்தி அனுப்புறத நிறுத்திடாதீங்க' என்று முடித்திருந்தாள். அதை எனக்குக் காட்டிவிட்டு, ஓர்ட்வின் பணிமனைக்குக் கிளம்பிப் போனார்.