வெள்ளைச் சோறு தின்ற குட்டி

எனக்குக் கோபம் அதிகம். அதில் செய்த ஒரு கேவலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவிக்கொண்டிருந்தபோது ஒரு நாய்க்குட்டி வளர்த்தேன். தோட்டத்தில் பங்காக அளந்து கொடுத்த வெள்ளை அரிசிச் சோற்றில் சீனி கலந்த டின் பாலை ஊற்றி மூன்று வேளையும் வைப்பேன். நான் கடுங்காப்பி குடித்தேன்; பால் முழுக்க அதற்குத்தான். ஆனாலும் வயிறு பானைபோல் உப்பி, பின்னங்கால்கள் வளைந்து தள்ளாடின.

ஒருநாள் அது பக்கத்து வீட்டு முனியம்மாவின் கோழித்தட்டில் வாய்வைத்தது. தவிடும் மசித்த அவித்த மீனும் கலந்த தீனி. எனக்கு மானமே போய்விட்டது.

"டின் பால் ஊத்துறேன், கோழித் தீனி கேக்குதா உனக்கு?" என்று விறகுக் கட்டையால் அடித்தேன்.

முனியம்மா ஓடிவந்து கட்டையைப் பிடுங்கினாள்.

"அடிக்காதீங்கண்ணே! வயிறு நெறஞ்சும் பசியில கெடக்கு அது. வெறும் சோத்துலயும் சீனிப் பாலுலயும் கால் எப்படிப் பலமாகும்? நீங்க மட்டும் மீனு இல்லாம திங்கிறீங்களா?"

குட்டி ஊர்ந்துவந்து என் காலை நக்கியது.

முனியம்மா தட்டை அதன் முன்னால் தள்ளினாள். "தின்னட்டும். இன்னைக்குக் கோழிங்க விரதம்."

அன்றிலிருந்து முள்ளெடுத்த மீன், தவிடு, பூசணி, கொஞ்சம் சோறு என்று வைத்தேன். சில மாதங்களில் குட்டி தள்ளாடாமல் ஓட ஆரம்பித்தது. ஒரு கால் மட்டும் கடைசிவரை நொண்டியது.

அது நான் வைத்த சோற்றாலா, அடித்த அடியாலா என்று தெரியவில்லை. சோறு தெரியாமல் வைத்தது. அடி, தெரிந்தே அடித்தது.