கோட்டுக்கு வெளியே இருந்த கொட்டகை

வலது கை கோழியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தது. இடது கை நெஞ்சுக்கு அடியில் போய் உடம்பைத் தாங்கியது. இறக்கை படபடக்க இடம் கொடுக்காமல் விலாவோடு அணைத்துத் தூக்கி, கதவருகே நின்ற ஆளிடம் நீட்டிவிட்டு, கைகள் அடுத்த கோழிக்குத் திரும்பின. கொட்டகையின் பக்கங்களில் சாக்குப் படுதா இறக்கியிருந்தது. உள்ளே ஒரே ஒரு நீல பல்பு. அந்த வெளிச்சத்தில் கோழிக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது, மிரளாது. ஆனால் வெள்ளைக் கவச உடையைக் கண்டால் மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூச்சு முட்டிச் சாகும். அதனால் தினமும் போடும் பழுப்புச் சட்டையைக் கவச உடைக்கு மேலேயே அவள் மாட்டியிருந்தாள்.

"எப்படியும் சாகப்போற கோழிதானேக்கா, எதுக்கு இவ்வளவு பதமா?" என்றான் கதவருகே நின்ற கூலியாள்.

"நீயும்தான் ஒருநாள் சாகப்போற. அதுக்காக உன்னை ஒத்தைக் கால்ல பிடிச்சு இழுத்துட்டுப் போகவா?"

அவன் அடுத்த கோழியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தது தையல் கம்பெனியில். காலர் தைக்கும் வரிசையில் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசியவள் அவள் ஒருத்திதான். அந்த வேலை போனதும் அண்ணன்தான் தன் பெரிய பண்ணையில் முட்டை பொறுக்கச் சேர்த்துக்கொண்டான். தீவனம் கலப்பதும் எச்சத்தின் நிறத்தைப் பார்த்து நோய் சொல்வதும் அங்கே பார்த்துப் பார்த்துப் பழகியவை. பிறகு பஸ் ஓட்டும் கணவன் லீவு நாட்களில் இரும்புக் குழாய் வெட்டிக் கொடுக்க, வீட்டுக்குப் பின்னால் தனக்கென்று ஒரு கொட்டகை போட்டாள். குஞ்சாக வாங்கி வளர்த்த கோழிகள் இப்போதுதான் முட்டைக்கு வந்திருந்தன.

போன வாரம் அண்ணன் கொஞ்சம் கோழிகளோடு வந்தான். "அங்க வெக்கை தாங்கல பாப்பா. ஒரே நெரிசல். கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்."

பண்ணையில் சாவு விழுந்தால் முதலில் வெயிலைத்தான் திட்டுவார்கள். நெரிசலைக் குறைத்தால் நின்றுவிடும் என்று நம்புவார்கள். அவளும் நம்பி, மூலையில் வலை கட்டி விட்டாள்.

நேற்றுக் காலை கால்நடை டாக்டர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் பண்ணையில் பறவைக் காய்ச்சல். செத்ததையெல்லாம் பின்பக்கம் குழி வெட்டிப் புதைத்துவிட்டு அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. நோய் பரவாமலிருக்க, பண்ணையைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டாயிற்று. வட்டத்துக்குள் இருக்கும் கோழி ஒன்றையும் விட்டுவைக்க முடியாது.

"உங்க கொட்டகை கோட்டுக்கு வெளிய இருக்கும்மா. தப்பிச்சீங்க. ஏதாவது சோர்ந்து நின்னா மட்டும் போன் பண்ணுங்க."

டாக்டருக்குப் பின்னால் நின்ற அண்ணன் கண்ணாலேயே ஜாடை காட்டினான்: பேசாதே.

அவளுடைய கோழிகள் அப்போது தீவனத்தை இறைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட நோய்க்கு அடையாளமாகக் கொண்டை கறுக்கவில்லை. வலைக்குள் இருந்த அண்ணன் கோழி ஒன்று காலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றதை அவள் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவள் வீட்டுக்கு அப்பால் இன்னும் எத்தனையோ பேருடைய கொட்டகைகள், கோட்டுக்கு வெளியே, நிம்மதியாக.

"அண்ணன் பண்ணைக் கோழி என் கொட்டகையில இருக்கு சார்."

டாக்டர் நோட்டைத் திறந்து கொட்டகையைக் குறித்துக்கொண்டார். "அப்போ முழுசும் போகணும்மா."

"தெரியும். நான்தான் பிடிப்பேன்."

இன்று பாதிக் கொட்டகை காலியானபோது அண்ணன் வந்தான். அவனும் கவச உடையில் இருந்தான். அவன் பண்ணையில் கோழிகளை அழிக்கும் வேலை முடிந்திருந்தது.

"வாயை வச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா உன்னதாவது தப்பிச்சிருக்கும்."

"என் வாயா? செத்ததைப் புதைச்சுட்டு, உசிரோட இருந்ததை என் வீட்டுல கொண்டுவந்து விட்டியே, அது யார் கை?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான் பாப்பா…"

"குழி வெட்டும்போதும் நல்லதுன்னுதான் நெனச்சியா? அதுங்க எச்சத்தை என் புருஷன் வெறுங்கையால அள்ளினாரு. அவரையாவது நெனச்சியா?"

அவள் கூலியாளைப் பார்த்தாள். "தம்பி, நீ போய் உட்காரு. மிச்சத்தை இவர் வாங்கிப் போடுவாரு."

"நானா? அதுக்குத்தான் ஆள் இருக்கே."

"கொண்டுவந்து விட்டது ஆளா? கையை நீட்டு."

வாசலில் நின்ற டாக்டர் அண்ணனின் கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு விலகி நின்றார். வாசலுக்கு வெளியே, கோழிகளைக் கொல்ல வாயு நிரப்பிய, மூடி போட்ட தொட்டி. முதல் கோழியை அண்ணன் ஒற்றைக் காலில் பிடித்தான். அது தலைகீழாகத் தொங்கி அலறியது.

"ரெண்டு காலையும் பிடி. பெரிய பண்ணைக்காரராம்!"

பிடித்தான். போட்டான். மூடினான். திரும்பும் முன்பே அடுத்தது அவன் முகத்துக்கு நேரே வந்தது. அவள் மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. முகமூடிக்குள் வேர்வை ஊற்ற, "கொஞ்சம் நில்லேன்" என்றான்.

"ஏன், வெக்கை தாங்கலையா?"

வலைக்குள் இருந்தவையும் போன பிறகு அவள் தீவனத் தட்டுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு கோழி அங்கே பம்மியிருந்தது. சத்தமில்லாமல் எடுத்தாள். அடிவயிற்றைத் தாங்கிய விரல்களில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. நாளைக்கு இட வேண்டியது.

"முட்டை இருக்கு இதுல. பார்த்துப் பிடி," என்று அதை அண்ணன் கையில் கொடுத்தாள்.