ஏரியலில் கட்டிய சிவப்புத் துணி

இராஜரட்ணத்தாருக்கு வயர் என்றால் உயிர். பகலில் தொழிற்சாலையில் டீவிக்குச் சொல்டர் வைப்பார். மாலையானால், புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மில்லிக்கனில் கார் கராஜுக்குப் பக்கத்து யூனிட்டில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போய் எதையாவது கழற்றுவார். போன வருடம் அங்கே வயரில்லாத மைக் ஒன்றைப் பூட்டினார். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல ஸ்பீக்கரில் டாக்ஸிக்காரன் விலாசம் கேட்டான். சனம் சிரித்த சிரிப்பில் ஐயருக்கே மந்திரம் மறந்துபோனது. பாவம் மனுசன், அன்றிலிருந்து இராஜரட்ணத்தாருக்குப் பெயர் 'டாக்ஸி அண்ணை'.

இந்த வருடம் தெப்பத் திருவிழா செய்ய ஆசைப்பட்டார்கள். கோயிலுக்கோ குளமில்லை, பூங்காக் குளத்தில் ஆட்கள் இறங்க அனுமதியில்லை.

"ரிமோட்டிலை ஓடுற படகிலை பிள்ளையாரை வைச்சு மூண்டு சுத்து நான் சுத்திக் காட்டுறன்" என்றார் இராஜரட்ணத்தார்.

செயலாளர் ஏகாம்பரம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி அண்ணை. உதுவும் பிழைச்சால் இனிக் கோயிலிலை ஒரு பல்பிலைகூடக் கை வைக்கப்படாது. சொல்லிப்போட்டன்."

கோயிலை விட்டால் அவருக்குக் கழற்ற வேறு என்ன இருக்கிறது? வீட்டில் மனைவி தவமணி ஸ்க்ரூட்ரைவரையே ஒளித்து வைத்திருந்தாள்.

திருவிழா அன்று அவள்தான் ரிமோட் பெட்டியின் ஏரியலில் சிவப்புப் பட்டுத் துண்டைக் கட்டினாள். "நல்ல காரியத்துக்கு வெறும் கம்பியோடையே போறது?"

முதல் சுற்றுப் பாதியில் படகு சொல்வழி கேட்க மறுத்தது. அவர் வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போனது. 'ஐயோ பிள்ளையாரே, கவிண்டு போடாதை!' என்று பெட்டியை உலுக்கினார். அக்கரையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரும் ரிமோட் பெட்டியோடு நின்றார். அவருடைய குட்டிப் படகு திரும்பிய பக்கமெல்லாம் பிள்ளையாரும் திரும்பினார்.

"அரோகரா! முன்னுக்குப் பைலட் படகும் விட்டிருக்கிறார்!" என்று சனம் ஆரவாரித்தது. இராஜரட்ணத்தார் வேர்க்க விறுவிறுக்கச் சும்மா பெருவிரலை ஆட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒருநாளும் கைவராத அழகோடு படகு மூன்று சுற்றும் முடித்து இக்கரைக்கு வந்து சேர்ந்தது.

ஏகாம்பரம் ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். "இனிக் கோயில் வயர் முழுக்க உங்கட பொறுப்பு அண்ணை!" உண்மையைச் சொல்ல இராஜரட்ணத்தார் வாயைத் திறந்தார். அதற்குள் சனம் இன்னொரு அரோகரா போட்டது.

சனம் கலைந்தபின் கிழவர் நடந்துவந்தார். பெயர் எட்வேட். "இங்கே குட்டிப் படகு விடும் நாங்கள் அவரவர் அலைவரிசைக்கு ஒரு நிறத் துணி கட்டுவோம். உன் சிவப்பைப் பார்த்து, என்னுடையதல்லாத வேறு அலைவரிசை என்று நம்பி என் பெட்டியை இயக்கிவிட்டேன். இரண்டும் ஒன்று! உன் யானையை மூழ்கடித்துவிடுவேனோ என்று பயந்து பயந்துதான் கரை சேர்த்தேன்" என்றார். இராஜரட்ணத்தாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எட்வேட்டின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் தெப்பத்தன்று காலை எட்வேட்டுக்குப் போன் பண்ணிவிட்டு, சிவப்புத் துணியைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

"இஞ்சாருங்கோ," என்று தவமணி வாசலுக்கு ஓடிவந்தாள். "ரிமோட்டுக்குப் போடுற பற்றரி மேசையிலை கிடக்குது!"

"அது கிடக்கட்டும்" என்றார்.