ஷெஃபின் கைக்கு ஏற்ற துவக்கு

எண்பதுகளின் நடுவில் நான் லுசேர்ணில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத காலம். சமையலறைக்குப் பொறுப்பானவர் ஐம்பத்தைந்து வயதுச் சுவிஸ் பெண்மணி. தலைவி என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரை 'ஷெஃபின்' என்போம். நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்று அறிந்த நாளிலிருந்து எனக்கென்று தனியாக முட்டையும் உருளைக்கிழங்கும் பொரித்து வைப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

அவர் தன் கிராமத்துச் சுடும் கழகத்தில் பல வருட உறுப்பினர். ஞாயிறு காலையில் இலக்குப் பலகைகளைச் சுட்டுவிட்டு, ஒன்றாகச் சூப் குடித்துக் கலைந்து போகிற கூட்டம் அது. ஒரு பனிக்காலத்தில் படியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு பொருந்தியது, பலம் திரும்பவில்லை. தகப்பன் விட்டுப்போன பாரமான பிஸ்டலை அவரால் இயக்க முடியவில்லை.

"திங்கட்கிழமை என்னோட துவக்குக் கடைக்கு வா," என்றார்.

"எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது, ஷெஃபின்."

"துவக்கை நான் பாப்பன். நீ என்ர கையைப் பார். எனக்கு ஏலாததை ஏலும் எண்டு சொன்னா உனக்குத்தான் பிடிபடும்."

அறையில் என்னோடு இருந்த அண்ணைக்கு இதைச் சொன்னேன். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். நீ அதை வாங்கப் போறியோ?" என்று தலையில் கைவைத்தார். எனக்கும் போக விருப்பமில்லை. ஆனாலும் ஷெஃபினிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைக்காரர் குண்டு போடாத மூன்று பிஸ்டல்களைத் துணிமேல் வைத்தார். ஒரு குண்டு வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. ஆனால் முதல் குண்டை ஏற்ற, மேற்பாகத்தைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். முதலாவதின் பிடி அவருடைய கைக்கு அகலம். இரண்டாவதை இழுத்துவிட்டு, "நல்லாயிருக்கு," என்று சிரித்தார்.

"இல்லை, ஷெஃபின். பெரிய சூப் சட்டியைத் தூக்கேக்கையும் இப்பிடித்தான் உதட்டைக் கடிப்பியள். பிறகு என்னைக் கூப்பிடுவியள்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிறிய குண்டு போடுகிற மூன்றாவது, மெல்லிய பிடியோடு அவர் கைக்குள் அடங்கியது. இழுக்கவும் இலேசு. முகம் மலர்ந்து, "பாரத்தைப் பார்," என்று என்னிடம் நீட்டினார்.

என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. ஊரில் ஒரு சோதனைச் சாவடியில், என் அடையாள அட்டையைப் படித்து முடிக்கும்வரை ஒரு சிப்பாய் என் காதில் பிஸ்டலை வைத்துக்கொண்டு நின்றான். அந்த இரும்பின் குளிர்ச்சியை, சமையலறையில் பொறுக்கிய ஜெர்மன் சொற்களைக் கோத்து, அன்று அவருக்குச் சொன்னேன்.

ஷெஃபின் பிஸ்டலை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் ஒரு மடைச்சி. கேக்காமல் கூட்டிக்கொண்டு வந்திட்டன்," என்றார். கண் கலங்கியிருந்தது.

"ஆனா இதுதான் உங்கட கைக்குச் சரி. இதையே வாங்குங்கோ."

அன்று அவர் வாங்கவில்லை. என் கையைப் பிடித்து ஏரிக்கரைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு துண்டு கேக் சாப்பிட வைத்தார். அடுத்த திங்கள் தனியாகப் போய் அதே மூன்றாவதை வாங்கினார்.

இலையுதிர் காலப் போட்டிக்கு என்னை அழைத்தபோது, "விருப்பமில்லாட்டி வராத," என்று மூன்று தடவை சொன்னார். போனேன். சுடும் இடத்துக்குப் போகாமல், பின்னாலிருந்த குசினியில் சூப் ஊற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஷெஃபின் கதவால் எட்டிப் பார்த்து, "இப்ப தொடங்கப்போகுது," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியும் முதல் சுற்றில் அகப்பையைத் தவறவிட்டேன். மூன்றாவது சுற்றில் ஒரு துளி சிந்தாமல் ஊற்றினேன்.

அவருக்கு நாலாம் இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். ஆனாலும் நாலாவதாக அவர் பெயரை வாசித்தபோது நான் கைதட்டிய சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது.