புகையில்லாத கூடம்

கதவைத் திறப்பதற்கு முன் அப்பா தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொள்வார். வந்திருப்பது தபால்காரராக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தாலும் சரி, முதலில் மூக்கு, பிறகுதான் தாழ்ப்பாள். அவர் புகைத்தவரே இல்லை.

அப்பாவின் பெயர் முராகோஷி தெத்சுயா. நுமாஸு என்கிற துறைமுக ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சலவைக்கடை மாடியில், கோ விளையாட்டுக் கூடம் வைத்திருந்தார். மீன் ஏலம் முடித்து வருகிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, மாலைவரை பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய சிகரெட் புகை படிந்து கூரையே மஞ்சளாகிப் போயிருந்தது. அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் செத்துப்போனவர்களின் இடத்துக்குப் புதிதாக யாரும் வரவில்லை. கூடத்தை மூடினால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

அப்போதுதான் அந்தக் காமிக்ஸ் தொடர் வந்தது. ஏதோ ஒரு தீவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து, கோ ஆடிப் பெரியவர்களைத் தோற்கடிக்கிற மீனவர் மகனின் கதை. திங்கட்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். ஒரு சனிக்கிழமை நாலைந்து பையன்கள் மாடியேறி வந்தார்கள். கோடைக்குள் வாசலில் ஷூ வைக்க இடமில்லை. காமிக்ஸ் பையன் பிடிப்பதுபோலவே கல்லை இரண்டு விரல் நுனியில் பிடிக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிராளியின் கல்லை எப்படிச் சிறைபிடிப்பது என்பது ஒருவனுக்கும் தெரியாது. பட்பட்டென்று பலகையில் அறைந்துகொண்டிருந்தார்கள். பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். அப்பா அவர்களுக்குப் பார்லித் தேநீர் ஊற்றினார்.

ஒரு நாள் ஒரு பையனின் தாய் வந்தாள். மகனுடைய கோட்டை அப்பாவிடம் நீட்டி, முகர்ந்து பாருங்கள் என்றாள். அப்பா முகர்ந்தார். பிறகு தன் சட்டையையும் முகர்ந்தார். இத்தனை வருடம் அவருக்கு அந்த நாற்றம் தெரிந்ததே இல்லை.

அப்போது அவர் இனுசுகாவோடு ஆடிக்கொண்டிருந்தார். இனுசுகா லாரி ஓட்டியவர், கூடம் திறந்த நாளிலிருந்து அப்பாவின் எதிராளி. மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் முறை. கல்லை எடுக்கவில்லை.

"இனுசுகா-சான், பசங்க இருக்கற நேரம் மட்டும் கீழ போய்ப் பிடிச்சிட்டு வர்றீங்களா?"

"என் முட்டிக்கு மாடி ஏறி இறங்கத் தெம்பிருக்கா மாஸ்டர்? முதல்ல கல்லை வை."

"இவங்க வரலேன்னா கூடம் தாங்காது."

"இவங்க உன்னைப் பார்க்கவா வர்றாங்க? புஸ்தகத்துல இருக்கறவனைப் பார்க்க வர்றாங்க. அவன் போனா இவங்களும் போயிடுவாங்க."

அப்பா இனுசுகாவின் பக்கத்திலிருந்த ஆஷ்ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் இனுசுகாவின் சிகரெட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இனுசுகா கோட்டை மாட்டிக்கொண்டார். "உன் முறை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மற்ற பழைய ஆட்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கூரைக்கு வெள்ளை அடித்தார் அப்பா. அந்தப் பையன்களின் வரவில்தான் நான் டோக்கியோ போய்ப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் அப்பா செய்தது தப்பு என்று எழுதக் கை வரவில்லை. சரி என்றும் எழுத முடியவில்லை.

தொடர் முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை அதே பக்கங்களில் ஒரு கால்பந்துக்காரன் ஓடிக்கொண்டிருந்தான். பையன்களும் அவன் பின்னால் போனார்கள். அப்பா ஆஷ்ட்ரேக்களைக் கழுவி மறுபடி மேஜைகளில் வைத்தார். வந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் சிகரெட்டையே விட்டிருந்தார். இனுசுகாவைப் போய்க் கூப்பிடுங்கள் என்று நான் தொலைபேசியில் சொன்னேன். அவர் வீடு சைக்கிளில் போகிற தூரம்தான்.

"கூப்பிட்டா வந்துடுவாரு. வந்து, நான் அப்பவே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அதாம்மா போக முடியல."

கூடத்தை மூடினார். கார் நிறுத்துமிடத்தில் காவல்காரராகச் சேர்ந்தார். போன பிப்ரவரியில் இறந்துபோனார்.

துக்கத்துக்கு இனுசுகா கைத்தடியோடு வந்தார். படத்துக்கு முன் ஊதுபத்தி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்பா உங்களை அடிக்கடி நினைப்பார் என்றேன்.

"நினைச்சா கல்லு பலகைக்கு வந்துடுமா?" என்றார். "பாதியில விட்ட ஆட்டத்துல வலது பக்கக் கீழ் மூலை. அங்க ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தா நான் அன்னிக்கே காலி. அவருக்கும் தெரியும். இத்தனை வருஷமா தோக்கறதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன், சிஹோ."

எந்த இடம் என்று காட்டுங்கள், அவருக்காக நான் வைக்கிறேன் என்றேன்.

"நீ யாரு வைக்க? அது மாஸ்டரோட முறை."

சுவரைப் பிடித்துக்கொண்டே ஷூவை மாட்டினார். உதவப் போன என் கையை விலக்கிவிட்டுப் படியிறங்கினார்.