கன்னத்தில் விழுந்த கோடு

ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, லினோ தகட்டைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரகடம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் சாய்ந்து தூங்கும் என் அம்மாவைச் செதுக்கினேன். உளி வழுக்கி என் விரல் கிழிந்தது. தகட்டில் அம்மாவின் கன்னத்திலும் ஒரு கோடு விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தோழிதான் பதறிப்போய் விரலில் கட்டுப் போட்டாள்.

வலியோடு தகட்டின் மூலையில் என் பெயரைச் செதுக்கப் போனேன். அவள் தடுத்தாள்.

"பேரெல்லாம் அதுல வெட்டக் கூடாதுடி. அச்சு எடுத்தப்புறம் கீழ பென்சில்லதான் போடணும். நீ வூட்டுக்குப் போ. நானே அச்செடுத்து, உன் பேரை எழுதி, எக்ஸிபிஷனுக்குக் குடுத்துடுறேன்."

பென்சிலில் பெயர் போடுவதுதான் வழக்கம். நம்பிப் போனேன்.

கண்காட்சிக்கு அம்மா கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்துவிட்டாள். சுவரில் தன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தவள், குனிந்து படத்தின் கீழே பென்சிலில் இருந்ததைப் படித்தாள்.

"இன்னாடி இது, வேற யாரோ பேரு போட்டுகீது?"

தோழியின் பெயர். இரண்டடி தள்ளி நின்று அவள் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: "கன்னத்துல அந்தக் கோடு வேணும்னேதான் சார் வெட்டினேன். கண்ணீர் மாதிரி தெரியணும்னு."

என்னைப் பார்த்தாள். குரல் துளியும் தடுமாறவில்லை.

பெயரை மாற்றிப் போட்டதைக்கூட என்றாவது மறந்துவிடுவேன். ஆனால் அந்தக் கோடு எப்படி விழுந்தது என்று என்னைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். என் ரத்தத்தைத் துடைத்தவள் அவள்.